முதல் ஓட்டு போடப் போகும் குமரி மாவட்டப் பிள்ளைகளுக்கு: பட்டியலில் பெயர் தேடுவதில் தொடங்கி விரலில் மை வைப்பது வரை

முதல்முறை ஓட்டுப் போடப் போகிறவர்கள் பெரும்பாலும் இயந்திரத்தை நினைத்துத்தான் பயப்படுகிறார்கள். அந்த வேலை அரை நிமிடத்தில் முடிந்துவிடும். ஆளைத் திருப்பி அனுப்புவதெல்லாம் அதற்கு முன்னால், பூத்துக்குள் நுழைந்ததும் உட்கார்ந்திருக்கும் முதல் அலுவலரின் மேசையில்தான் நடக்கும். அங்கே பார்ப்பது மூன்றே மூன்று: இந்தப் பாகத்தில் (ஒரு பூத்துக்கு உரிய வாக்காளர் பட்டியல் பகுதிக்குப் பாகம் என்று பெயர்) உங்கள் பெயர் இருக்கிறதா, வரிசை எண் என்ன, அந்த ஆள் நீங்கள்தான் என்று காட்ட என்ன ஆவணம். இந்த மூன்றையும் வீட்டிலேயே சரிசெய்துவிட்டுப் போனால் பிறகு ஒரு தொல்லையும் இல்லை.

பெயர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்

வாக்காளர் அட்டை வைத்திருப்பவர்களுக்கெல்லாம் பட்டியலில் பெயர் இருக்கும் என்று நம்ப வேண்டாம். அட்டை இருந்தும் பட்டியலில் பெயர் இல்லையென்றால் ஓட்டு இல்லை. தேர்தலன்று யாரிடம் போய்ச் சண்டை போட்டாலும் நடக்காது. 2025 நவம்பரில் தொடங்கிய வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தத்துக்குப் பிறகு, "போன தடவை இருந்ததே" என்ற பேச்சுக்கு மதிப்பே போய்விட்டது. அட்டையில் இருக்கும் மூன்று எழுத்து, ஏழு எண் கொண்ட அடையாள எண்ணை voters.eci.gov.in தளத்தில் போட்டுத் தேடலாம். 1950 என்ற எண்ணுக்கு அழைத்தும் கேட்கலாம். வரும் விவரத்தில் தொகுதி, பாகம் எண், வரிசை எண், வாக்குச்சாவடி ஆகிய நாலையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். போனில் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைப்பது உதவாது. ஏன் என்பது பின்னால் வருகிறது.

தமிழ்நாட்டின் 234 தொகுதிகளில் கடைசி ஆறும் நம் மாவட்டத்தில்தான்: 229 கன்னியாகுமரி, 230 நாகர்கோவில், 231 குளச்சல், 232 பத்மநாபபுரம், 233 விளவங்கோடு, 234 கிள்ளியூர். ஆறும் சேர்ந்ததுதான் கன்னியாகுமரி மக்களவைத் தொகுதி. வட்டத்தின் பெயரையும் தொகுதியின் பெயரையும் குழப்பிக்கொள்வது இங்கே சாதாரணம். திருவட்டார் 2019-இல் வட்டமானது. ஆனால் அந்தப் பெயரில் இருந்த சட்டமன்றத் தொகுதி, தொகுதி எல்லைகளை மாற்றி வரைந்த மறுவரையறையில் இல்லாமல் போய்விட்டது. படிவம் நிரப்பும்போது பட்டியலில் அதைத் தேடிக்கொண்டிருக்காமல், வீட்டில் அம்மா அல்லது அப்பாவின் பாகத்தைப் பார்த்து அதே தொகுதியைப் போடுங்கள்.

பெயர் இல்லையென்றால் படிவம் 6. ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1 என ஆண்டுக்கு நாலு தகுதி நாட்கள் உண்டு. 17 வயது முடிந்ததுமே முன்கூட்டி விண்ணப்பித்து வைக்கலாம். 18 ஆனதை ஒட்டி வரும் தகுதி நாளில் பெயர் ஏறும். பாஸ்போர்ட் அளவு போட்டோ ஒன்று, வயதுக்குப் பிறப்புச் சான்றிதழ் அல்லது பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், முகவரிக்கு ஆதாரோ வங்கிப் பாஸ்புக்கோ. வீட்டில் ஏற்கெனவே வாக்காளராக உள்ள ஒருவரின் அட்டை எண்ணையும் சேர்த்துக் கொடுங்கள். அப்போதுதான் அதே வீட்டு எண்ணின் கீழ், அதே பாகத்தில் பெயர் வரும். கொடுக்காவிட்டால் அம்மாவுக்கு ஒரு பூத், மகளுக்கு வேறு பூத் என்று பிரிந்துபோக இடமுண்டு. இங்கே விளை, காடு, கரை என்று முடியும் ஊர்கள் பக்கம் பக்கமாக, எல்லை தெரியாமல் கிடப்பதால் இது சும்மா சொல்லும் பயமுறுத்தல் அல்ல.

தேர்தல் அறிவித்த பிறகு ஆற அமர விண்ணப்பிக்கலாம் என்று இருக்க வேண்டாம். வேட்புமனு தாக்கலின் கடைசி நாளுக்குப் பத்து நாள் முன்பு வரை கொடுத்த விண்ணப்பங்கள்தான் அந்தத் தேர்தலுக்குள் முடியும். திருமணமாகி வேறு ஊருக்குப் போனவர்களுக்கும், வீடு மாறியவர்களுக்கும், பெயரில் பிழை உள்ளவர்களுக்கும் படிவம் 8. புதிதாக இன்னொரு படிவம் 6 போட்டு இரண்டு இடத்தில் பெயரை ஏற்றிக்கொள்ளாதீர்கள்.

எல்லையோரப் பிள்ளைகளுக்கு இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். களியக்காவிளை, கொல்லங்கோடு பக்கம் பலருக்கும் வேலையோ படிப்போ திருவனந்தபுரத்தில் இருக்கும். அங்கே ஒரு பெயரும் இங்கே ஒரு பெயரும் வைத்திருப்பது சட்டப்படி குற்றம். 2021-இல் இரண்டு மாநிலங்களுக்கும் ஒரே நாளில், ஏப்ரல் 6 அன்று, வாக்குப்பதிவு நடந்தது. 2024-இல் இங்கே ஏப்ரல் 19, அங்கே ஏப்ரல் 26. ஒரு வாரம் இடைவெளி இருக்கிறதே என்று இரண்டு இடத்திலும் போட நினைத்தால், இங்கே வைத்த மை அங்கே காட்டிக்கொடுத்துவிடும். விடுதியில் தங்கிப் படிப்பவர்கள் வீட்டு முகவரியிலோ விடுதி முகவரியிலோ ஏதாவது ஒன்றில் பதியலாம். சென்னை, கோவை, பெங்களூரில் இருந்துகொண்டு ஊர் முகவரியை வைத்திருப்பவர்கள் தேதி அறிவித்த அன்றே டிக்கெட் பார்த்துவிட வேண்டும். கன்னியாகுமரி எக்ஸ்பிரஸும் அனந்தபுரியும் அந்த வாரத்தில் எப்படி இருக்கும் என்று ஊரில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

எதைக் கையில் கொண்டுபோவது

வாக்காளர் அட்டை இருந்தால் அது போதும். வேறு தொகுதியில் இருந்தபோது வாங்கிய பழைய அட்டையும் செல்லும், இந்தப் பாகத்தின் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும், அவ்வளவுதான். அட்டை வந்து சேரவில்லையென்றால் ஆதார், பான் அட்டை, ஓட்டுநர் உரிமம், பாஸ்போர்ட், போட்டோ ஒட்டிய வங்கி அல்லது தபால் நிலையப் பாஸ்புக், நூறு நாள் வேலை அட்டை, மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டை என்று தேர்தல் ஆணையம் ஏற்றுக்கொண்ட ஆவணங்களில் ஒன்று வேண்டும்.

அந்தப் பட்டியலில் இல்லாத இரண்டைத்தான் இளைஞர்கள் அதிகம் கொண்டுவந்து நீட்டுகிறார்கள்: ரேஷன் ஸ்மார்ட் கார்டு, கல்லூரி அடையாள அட்டை. இரண்டும் செல்லாது. பூத் சிலிப்பும் 2019-க்குப் பிறகு தனி ஆவணமாகச் செல்லாது. அது உங்கள் பாகத்தையும் வரிசை எண்ணையும் காட்டும் தகவல் சீட்டு மட்டும்தான். ஆனாலும் தவறாமல் கொண்டுபோங்கள், முதல் மேசையில் உங்கள் பெயரை ஐந்து விநாடியில் கண்டுபிடிக்க உதவும். பி.எல்.ஓ. (உங்கள் பூத்தின் பட்டியலைக் கவனிக்கும் வாக்குச்சாவடி நிலை அலுவலர்) வீட்டுக்கு வந்து தராவிட்டால், கட்சிக்காரர்கள் தரும் சீட்டிலும் அதே எண்கள்தான் இருக்கும். அது வெறும் வெள்ளைத் தாளாக இருக்க வேண்டும். கட்சிப் பெயரோ சின்னமோ அச்சடித்திருந்தால் எண்ணை மட்டும் வேறு தாளில் எழுதிக்கொண்டு சீட்டை வீட்டிலேயே போட்டுவிடுங்கள்.

ஆதார் போனில்தான் இருக்கிறது என்றால் ஆவணத்தை அசலாக எடுத்துக்கொள்ளுங்கள். பூத்துக்குள் போன் கொண்டுபோக முடியாது. வாசலில் வாங்கி வைக்க ஏற்பாடு இருந்தால் அணைத்துக் கொடுத்துவிட்டுப் போகலாம்; வீட்டில் வைத்துவிட்டு வருவது இன்னும் நிம்மதி. ஓட்டுப் போடும் மறைப்புக்குள் செல்ஃபி எடுக்கக் கூடாது என்று தனியாகச் சொல்லவும் வேண்டுமா?

உடையிலும் கவனம் வேண்டும். பூத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் எந்தப் பிரசாரமும் கூடாது. தலைவர் படம் போட்ட டீ-ஷர்ட், கட்சி பேட்ஜ், சின்னம் போட்ட தொப்பி எல்லாம் அந்தக் கணக்கில்தான் வரும். கரை வேட்டியை ஒருவர் கண்டுகொள்ளாமல் விடலாம், இன்னொரு பூத்தில் எதிர்க்கட்சி ஏஜென்ட் எழுந்து நிற்கலாம். வம்பு எதற்கு?

எப்போது போனால் நல்லது

2024-இல் காலை 7 மணி முதல் மாலை 6 மணி வரை வாக்குப்பதிவு நடந்தது. அந்தந்தத் தேர்தலுக்கான நேரம் பூத் சிலிப்பிலேயே இருக்கும். விடிந்ததும் போய் முதல் ஆளாகப் போட வேண்டும் என்ற ஆசை நல்லதுதான். ஆனால் இயந்திரம் தகராறு செய்வதும், விவிபாட்டை (யாருக்குப் போட்டோம் என்று சீட்டில் அச்சடித்துக் காட்டும் கருவி) மாற்றுவதும் பெரும்பாலும் முதல் ஒரு மணி நேரத்தில்தான் நடக்கும். அதே நேரத்தில்தான் நடைப்பயிற்சிக் கூட்டமும், வேலைக்குப் போகும் கூட்டமும் வந்து சேரும். மேற்குப் பகுதியில் ரப்பர் பால் வெட்டப் போனவர்கள் வேலையை முடித்துக்கொண்டு வரும் நேரத்தில் இன்னொரு நெரிசல். கடற்கரை ஊர்களில் காலைக் கரைப்பாடு முடிந்த பிறகு. ஏப்ரல், மே மாதத் தேர்தலென்றால் பிற்பகலில் இடியோடு கோடை மழை கொட்ட வாய்ப்பு அதிகம். மதியம் பதினொன்றிலிருந்து ஒன்றுக்குள் வெயில் கொளுத்தும், ஆனால் வரிசை குறைவாக இருக்கும். குடையும் ஒரு பாட்டில் தண்ணீரும் எடுத்துக்கொண்டு அந்த நேரத்தில் போவதுதான் எங்கள் பரிந்துரை. மின்சாரம் போனால் வாக்குப்பதிவு நின்றுவிடுமோ என்று திரும்பி நடக்காதீர்கள்: இயந்திரம் பேட்டரியில்தான் ஓடுகிறது.

கடைசி நேரத்தில் வந்தாலும் நம்பிக்கை இழக்க வேண்டாம். முடியும் நேரத்துக்கு வரிசையில் நிற்கும் எல்லோருக்கும் டோக்கன் கொடுப்பார்கள். வரிசையின் வாலில் நிற்பவருக்கு முதல் எண்ணைக் கொடுத்து, அங்கிருந்து முன்னோக்கி வருவார்கள். பின்னால் யாரும் வந்து ஒட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்காகவே அந்த முறை.

வேலைக்குப் போகிறவர்களுக்கு வாக்குப்பதிவு நாளில் சம்பளத்தோடு விடுப்பு சட்டப்படி உரிமை. கடையோ கம்பெனியோ பிடித்தம் செய்யக் கூடாது.

பள்ளிக்கூடத்துக்குள்

ஒரு பள்ளிக்கூடத்தில் மூன்று, நாலு பூத்கள் இருப்பது இங்கே வழக்கம். வாக்குச்சாவடியின் அதிகாரப்பூர்வப் பெயரைப் படித்தால், பள்ளியின் பெயருக்குப் பிறகு "கிழக்கு பார்த்த கட்டிடம், தெற்குப் பகுதி" என்கிற மாதிரி ஒரு வால் இருக்கும். அந்த வாலைத்தான் யாரும் படிப்பதில்லை. அம்மா நிற்கும் வரிசையில் பின்னாலேயே நின்று, முக்கால் மணி நேரம் கழித்து உள்ளே போய், "உங்க பாகம் அடுத்த கட்டிடம் தம்பி" என்று கேட்டுத் திரும்புகிறவர்கள் ஒவ்வொரு தேர்தலிலும் உண்டு. கதவில் ஒட்டியிருக்கும் பாகம் எண்ணை உங்கள் சீட்டோடு ஒப்பிட்டுவிட்டு வரிசையில் நில்லுங்கள். ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனி வரிசை. முதியோர், மாற்றுத்திறனாளிகள், கைக்குழந்தையோடு வருபவர்களை முன்னால் விடுவார்கள்.

முதல் அலுவலரிடம், வந்தவர்களின் பெயரில் கோடு போட்டுக் குறிக்கும் வாக்காளர் பட்டியல் இருக்கும். அவர் உங்கள் பெயரையும் வரிசை எண்ணையும் சத்தமாக வாசிப்பார். பின்னால் உட்கார்ந்திருக்கும் கட்சி ஏஜென்ட்கள் தங்கள் பிரதியில் சரிபார்ப்பார்கள். இந்த இடத்தில் நீங்களும் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். ஒரே பாகத்தில் நாலு மேரி, மூன்று ஆன்றனி இருக்கும் மாவட்டம் இது. அவர் தவறான வரியில் கோடு போட்டுவிட்டால், மத்தியானம் வரும் இன்னொரு மேரிக்கு "உங்க ஓட்டு விழுந்தாச்சு" என்று பதில் வரும். கள்ள ஓட்டு என்று கிளம்பும் சண்டைகளில் இப்படிக் கோடு மாறி விழுந்ததும் உண்டு. வாசிக்கும்போது தகப்பனார் பெயரையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

ஷாலின் என்பது சாலின் என்றும், ஜெனிஷ் என்பது செனிஸ் என்றும் அச்சாகியிருந்தால் பதற வேண்டாம். ஆள் இவர்தான் என்று தெரிந்தால் எழுத்துப் பிழைக்காகத் திருப்பி அனுப்பக் கூடாது என்பது ஆணையத்தின் அறிவுரை. போட்டோவே வேறு ஆளுடையதாக இருந்தால் மற்ற ஆவணங்களில் ஒன்றைக் காட்டுங்கள்.

இரண்டாவது அலுவலர் இடது ஆள்காட்டி விரலைப் பார்ப்பார். எண்ணெய்ப் பசை இருந்தால் துடைக்கச் சொல்வார். பிறகு நகத்தின் மேல் நுனியிலிருந்து முதல் மூட்டு வரை மைக்கோடு. மையில் சில்வர் நைட்ரேட் இருப்பதால் வைத்தவுடன் ஊதா நிறத்தில் இருப்பது வெளிச்சம் பட்டுக் கறுக்கும்; நகத்தில் பட்ட கறை நகம் வளர்ந்து வெட்டினால்தான் போகும். ஈரம் காயும் முன் சட்டையில் தொடாதீர்கள். அதன் பிறகு 17ஏ என்ற பதிவேட்டில் கையெழுத்து. அந்த வரியில் உங்கள் பட்டியல் வரிசை எண்ணும், காட்டிய ஆவணத்தின் விவரமும் எழுதியிருக்கும். வாக்காளர் அட்டை என்றால் "ஈபி" என்ற இரண்டு ஆங்கில எழுத்து. கையெழுத்திடும் முன் எண் உங்களுடையதுதானா என்று ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். ஒரு சிறு சீட்டு தருவார்கள்.

அந்தச் சீட்டை மூன்றாவது அலுவலரிடம் கொடுத்தால், விரலில் மை இருக்கிறதா என்று மறுபடி பார்த்துவிட்டு, கண்ட்ரோல் யூனிட்டில் பொத்தானை அழுத்துவார். மறைப்புக்குள் இருக்கும் பேலட் யூனிட்டில் பச்சை விளக்கு எரியும். எரியவில்லையென்றால் அழுத்திப் பயனில்லை, அங்கிருந்தே சொல்லுங்கள்.

இயந்திரத்தில் மேலிருந்து கீழாக வேட்பாளர் பெயர், போட்டோ, சின்னம், நீலப் பொத்தான். அங்கீகரிக்கப்பட்ட கட்சிகள் முதலில், பிறகு பதிவு பெற்ற மற்ற கட்சிகள், கடைசியில் சுயேச்சைகள். ஒவ்வொரு பிரிவுக்குள்ளும் பெயர் அகர வரிசையில். எல்லாவற்றுக்கும் கீழே நோட்டா. ஒரு யூனிட்டில் 16 வரிசைதான் கொள்ளும் என்பதால் வேட்பாளர் கூடினால் பக்கத்தில் இன்னொரு யூனிட் இருக்கும். தேடும் பெயர் முதல் யூனிட்டில் இல்லையென்றால் அங்கே பாருங்கள். பொத்தானை அழுத்தியதும் பெயருக்குப் பக்கத்தில் சிவப்பு விளக்கு எரியும். உடனே வெளியே வந்துவிடாதீர்கள். பக்கத்தில் இருக்கும் விவிபாட்டின் கண்ணாடிக்குள் வரிசை எண், பெயர், சின்னம் அச்சடித்த சீட்டு 7 விநாடி தெரியும், பிறகு அறுந்து உள்ளே விழும், நீளமாக ஒரு பீப் ஒலி கேட்கும். அந்தச் சீட்டு உங்கள் கைக்கு வராது. அந்தப் பக்கம் வெளிச்சம் குறைவாக இருப்பது வேண்டுமென்றே செய்ததுதான்: பளீரென்ற வெளிச்சம் பட்டால் விவிபாட் கோளாறாகும்.

சில நேரம் இரண்டு தேர்தல் ஒன்றாக வரும். 2021-இல் சட்டமன்றத் தேர்தலோடு கன்னியாகுமரி மக்களவை இடைத்தேர்தலும், 2024-இல் மக்களவைத் தேர்தலோடு விளவங்கோடு சட்டமன்ற இடைத்தேர்தலும் நடந்தன. அப்போது இரண்டு இயந்திரம், இரண்டு முறை அழுத்த வேண்டும். மக்களவைக்கு வெள்ளைத் தாள், சட்டமன்றத்துக்கு இளஞ்சிவப்புத் தாள் ஒட்டியிருக்கும். ஒன்றில் போட்டுவிட்டு வேலை முடிந்தது என்று கிளம்பிவிடாதீர்கள்.

தகராறு வந்தால்

உங்கள் ஓட்டை யாரோ போட்டுவிட்டார்கள் என்றால் வெளியே வந்து கத்துவதில் பலனில்லை. வாக்குச்சாவடித் தலைமை அலுவலரிடம் போய் விதி 49P-யின் கீழ் டெண்டர் ஓட்டு கேளுங்கள். நீங்கள்தான் அந்த ஆள் என்று உறுதியானால் அச்சடித்த வாக்குச்சீட்டு ஒன்று தருவார்கள். அதில் முத்திரை குத்தித் திருப்பிக் கொடுத்தால் தனி உறையில் வைப்பார்கள். அது இயந்திர ஓட்டோடு சேர்த்து எண்ணப்படுவதில்லை. வழக்கு என்று போனால் நீதிமன்றத்தில் பேசும்.

ஒரு ஏஜென்ட் உங்களை "இவர் அந்த ஆள் இல்லை" என்று ஆட்சேபித்தால், அவர் 2 ரூபாய் கட்டிச் சொல்ல வேண்டும். தலைமை அலுவலர் அங்கேயே விசாரிப்பார். ஆட்சேபணை நிற்காவிட்டால் நீங்கள் வழக்கம்போல் இயந்திரத்தில் போடலாம். பார்க்கச் சின்னப் பிள்ளை மாதிரி இருக்கிறீர்கள் என்று தலைமை அலுவலருக்குச் சந்தேகம் வந்தால் வயது குறித்து ஓர் உறுதிமொழி எழுதி வாங்குவார். அதில் கோபப்பட ஒன்றுமில்லை.

வெளியூரில் படிப்பவர்களுக்கும் தங்கல் தொழிலுக்கு (நாள்கணக்கில் கடலிலேயே தங்கி மீன்பிடிப்பது) அடிக்கடி கடலுக்குப் போகிறவர்களுக்கும் வரக்கூடிய சிக்கல் வேறு. பி.எல்.ஓ. வீட்டுக்கு வந்தபோது ஆள் இல்லை என்பதால் "இல்லாதோர், இடம்பெயர்ந்தோர், இறந்தோர்" பட்டியலில் பெயர் ஏறியிருக்கும். அதனால் ஓட்டுரிமை போகாது. கூடுதலாகச் சரிபார்த்து, கையெழுத்தோடு கைரேகையும் வாங்கிக்கொண்டு அனுமதிப்பார்கள். அதற்கு அசல் ஆவணம் கட்டாயம் கையில் இருக்க வேண்டும்.

ஒரு சின்னத்தில் அழுத்த வேறு சின்னம் விவிபாட்டில் வந்தது என்று புகார் சொல்லலாம். எழுத்துமூலம் உறுதிமொழி கொடுத்தால், ஏஜென்ட்கள் முன்னிலையில் சோதனை ஓட்டு போடச் சொல்வார்கள். உண்மையென்றால் அங்கே வாக்குப்பதிவே நிறுத்தப்படும். பொய்யென்றால் உங்கள்மேல் வழக்கு. 7 விநாடியும் கண்ணெடுக்காமல் பார்த்திருந்தால் மட்டும் அந்தப் புகாரைச் சொல்லுங்கள்.

பாட்டியோடு போகும்போது

கண் தெரியாத, அல்லது பொத்தானை அழுத்த முடியாத தாத்தா, பாட்டிக்கு 18 வயதான ஒருவர் துணையாக உள்ளே போகலாம். பெரும்பாலும் அந்த வேலை பேரப்பிள்ளை தலையில்தான் விழும். ஓர் உறுதிமொழிப் படிவத்தில் கையெழுத்திட வேண்டும், துணைக்குப் போனதற்கு உங்கள் வலது ஆள்காட்டி விரலில் மை வைப்பார்கள், அன்று இன்னொருவருக்குத் துணையாகப் போக முடியாது. அதனால் தாத்தாவுக்கு ஒருவர், பாட்டிக்கு ஒருவர் என்று வீட்டிலேயே பிரித்துக்கொள்ளுங்கள். 85 வயதுக்கு மேற்பட்டவர்கள், தேர்தல் அறிவிக்கை வந்த ஐந்து நாளுக்குள் படிவம் 12டி கொடுத்தால் வீட்டிலேயே ஓட்டுப் போட்டுவிடலாம். ஆனால் அதற்குப் பிறகு பூத்துக்கு வந்து போட முடியாது.

உள்ளாட்சித் தேர்தல் கொஞ்சம் வேறு

பேரூராட்சி, நகராட்சி, நாகர்கோவில் மாநகராட்சி என்றால் வார்டு உறுப்பினருக்கு ஒரே ஓட்டு, இயந்திரத்தில். கிராம ஊராட்சியில் நாலு ஓட்டு, எல்லாமே தாள்: வார்டு உறுப்பினர், ஊராட்சித் தலைவர், ஒன்றிய வார்டு, மாவட்ட ஊராட்சி வார்டு. ஒவ்வொரு தாளும் ஒரு நிறம். ஸ்வஸ்திக் மாதிரி இருக்கும் அம்புக்குறி முத்திரையைச் சின்னத்தின் கட்டத்துக்குள், கோட்டைத் தொடாமல் ஒரே தடவை குத்த வேண்டும். இரண்டு கட்டத்துக்கு நடுவில் விழுந்து யாருக்கு என்று தெரியாமல் போனால் அந்த ஓட்டு செல்லாது. குத்தியதும் ஒரு நொடி ஊதிக் காயவிட்டு, முதலில் நீளவாக்கில் மடித்து, பிறகு குறுக்கே மடித்துப் பெட்டியில் போடுங்கள். அப்படி மடித்தால் முத்திரை மை பக்கத்துச் சின்னத்தின்மேல் ஒட்டாது.